ஆடி மாதத் தவணை

அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை ஊரில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. போஸ்டாபீஸ் ஆர்.டி. என்பார்கள், கட்டுபவர்களுக்குள் பேச்சு வந்தால் வெறுமனே 'கட்டுறது'. மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். அறுபது தவணை. கணக்குத் தொடங்கிய நாளில் உள்ள வட்டி விகிதமே ஐந்தாண்டுக்கும் மாறாமல் நிற்கும். 2020 ஏப்ரலில் 5.8 விழுக்காடாக இறங்கிய அந்த விகிதம் 2023 அக்டோபரில் 6.7 ஆனது. அந்த விகிதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டுபவருக்குக் கட்டிய 60,000 ரூபாய், முதிர்வில் 71,000 ரூபாய்க்குச் சற்று மேலாகத் திரும்பும்.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் தொடங்கியது. வீடு தேடிப் போய்த் தவணை வாங்கிக் கட்டும் பெண் முகவர் முறை 1972-இல் வந்தது. அரசாணையில் அதன் பெயர் 'மகிளா பிரதான் க்ஷேத்ரிய பசத் யோஜனா'. தமிழ்நாட்டில் மாவட்ட நிர்வாகத்தின் சிறுசேமிப்புப் பிரிவு நியமனம் தருகிறது. பெண்களுக்கு மட்டுமே உரிய முகமை இது. கட்டிய தொகையில் நூற்றுக்கு 4 ரூபாய் தரகு. அது அரசு தருவது. கட்டுபவர் பணத்திலிருந்து ஒரு பைசாவும் பிடிப்பதில்லை. நேரே அஞ்சலகத்தில் கட்டினாலும் முகவர் வழியாகக் கட்டினாலும் வட்டி ஒன்றுதான். சிறுசேமிப்பை ஆராய்ந்த சியாமளா கோபிநாத் குழு இந்தத் தரகைப் படிப்படியாக ஒரு விழுக்காட்டுக்குக் குறைக்கலாம் என்று 2011-இல் பரிந்துரைத்தது. அரசு பொது வருங்கால வைப்புக்கும் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் இருந்த தரகை எடுத்துவிட்டு, பெண் முகவர்களின் நான்கை மட்டும் விட்டுவைத்தது. அந்த முடிவு சரியானது. பொது வருங்கால வைப்பில் கட்டுபவர் தானே வங்கிக்கு நடந்து போவார். ஆர்.டி.யில் 500 ரூபாய் கட்டும் பூக்காரர், கடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்?

மதுரையில் இருபது ஆண்டுக்கு மேல் இந்த வேலை பார்த்த ஒரு முகவரின் சுற்று, அதிகாலைப் பூக்கடைகளில் தொடங்கி, இட்லிக் கடைகள், தையல்கடைகள், அச்சகங்கள் வழியாக, மாலையில் சமையல் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் முடியும். அவரை எல்லோரும் 'போஸ்டாபீஸ் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவர் வைத்திருந்த நோட்டில் பெயர், கணக்கு எண், தவணைத் தொகை ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு கட்டமும் இருந்தது. அரசுப் படிவம் எதிலும் இல்லாத அந்தக் கட்டத்தின் தலைப்பு 'காசு வரும் நாள்'. தொழிலின் பாதி அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது தொகை. இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் பிழைக்கின்றன அல்லது முறிகின்றன. தை மாதத்தில் வந்து சேர்கிறவர் தை மாத வருமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். முகூர்த்தம் நிறைய, பூ நிறைய, சமையல்காரருக்கு வாரத்தில் நான்கு நாள் வேலை. "மாசம் ரெண்டாயிரம் போடுங்கக்கா" என்பார். முகவருக்கு அது லாபம்: 2,000 ரூபாய்க்கு மாதம் 80 ரூபாய் தரகு, 500 என்றால் 20 ரூபாய்தான். ஆனால் அதே சமையல்காரருக்கு ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியில் பிரியாணி ஆர்டர் கிடையாது. பூத்தொடுப்பவருக்கு மார்கழி வேறு விதத்தில் கடினம்: பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும், தொடுக்கும் கைக்கு வேலை குறையும். ஆகவே தொகையை நிர்ணயிக்க முகவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆடி மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" அதற்கு வரும் பதில்தான் தவணை. தொழிலில் புதிதாக வந்த முகவர்கள் இதைக் கேட்பதில்லை. பெரிய தொகையை எழுதிவிட்டு, ஆறாம் மாதம் வீட்டுப் படியில் நின்று கெஞ்சுகிறார்கள்.

ஆடிக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது மொய் நோட்டு. மதுரைப் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபோதல் எல்லாவற்றிலும் வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வது வழக்கம். பலர் இதைச் செலவாக நினைக்கிறார்களே தவிரக் கடனாகக் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தவணை நின்றுபோகும் வீடுகளில் காரணம் கேட்டால் பெரும்பாலும் மொய்தான். நோட்டைப் புரட்டி, வரும் ஆண்டில் யார் யார் வீட்டில் விசேஷம் வரக்கூடும், அவர்களுக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டிப் பார்த்தால், மாதத்துக்கு எவ்வளவு அதற்கே ஒதுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வாங்கிய மொய்யை அப்படியே செலவழித்த வீடும், அதில் ஒரு பங்கை எடுத்துவைத்த வீடும் மூன்றே ஆண்டில் வேறு வேறு நிலைக்குப் போய்விடுவதை அந்தத் தெருக்களில் கண்ணால் பார்க்க முடிந்தது.

தொகைக்கு அடுத்தது தேதி. விதி எளியது. மாதத்தின் 1 முதல் 15-க்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16 முதல் தொடங்கியதற்கு மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. ஆக, கணக்கை எந்த நாளில் தொடங்குவது என்பதே அறுபது மாதத்துக்கான நிம்மதியைத் தீர்மானிக்கிறது. முதல் வாரத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு முதல் பாதிக் கணக்கு ஏற்றது. சம்பளம் கைக்கு வந்த சூட்டோடு தவணை போய்விட வேண்டும். இருபதாம் தேதிவரை அந்தப் பணம் வீட்டில் தங்காது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மாத நடுவில்தான் வங்கிக்கு வருகிறது. அதிலிருந்து 300, 500 என்று கட்ட நினைக்கும் பெண்களுக்கு 16-க்குப் பிறகு தொடங்கும் கணக்குதான் பொருந்தும். இது தெரியாமல் பத்தாம் தேதி தொடங்கிவிட்டு, ஒவ்வொரு மாதமும் கைமாற்று வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. வாரக்கூலிக்காரர்களிடம் சனிக்கிழமை மாலை போக வேண்டும். ஞாயிறு கறி எடுத்த பிறகு போனால் பயனில்லை.

தினமும் காசு பார்க்கிறவர்களுக்கு மாதத்தவணை ஒத்துவராது. இட்லிக் கடைக்காரர் கையில் நாள் முழுக்கப் பணம் புழங்கும். மாதக் கடைசியில் சேர்ந்தாற்போல் 1,000 ரூபாய் இருக்காது. அவருக்கும் தண்டல்காரருக்கும் உள்ள உறவிலிருந்துதான் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. தண்டல் என்பது 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 ஆக வாங்கிக்கொள்வது. தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவுக்குப் போகிறது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்துக்குப் பின்னும் தண்டல் நின்றுவிடவில்லை. அந்தக் கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் புரியும். தண்டல்காரர் தினமும் வருகிறார், நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான் கேட்கிறார், ஒரு நாளும் தவறுவதில்லை. அவர் வருகிற ஒழுங்குதான் கடைக்காரரைக் கட்ட வைக்கிறது. நூறு நாள் விடாமல் 100 ரூபாய் எடுத்துக் கொடுக்க முடிகிற ஒருவரைச் சேமிக்கத் தெரியாதவர் என்று சொல்வது அநியாயம். அவருக்குச் சேமிப்பை வாங்கிப் போக அதே நேரத்தில் வரும் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்ட முகவர் கடைகளில் சிறு பூட்டு உண்டியல் வைத்தார். சாவி கடைக்காரரிடம். காலை வியாபாரம் முடிந்ததும் 35 ரூபாய், அல்லது முடிந்த தொகை. மாதத்தவணை நாளில் இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். பணத்தைத் தினமும் முகவர் தம் கையில் வாங்கி வைத்துக்கொள்வதைவிட இது நல்லது. இடையில் முகவருக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தாலும் அந்தப் பணம் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஓர் இட்லிக் கடைக்காரர் தண்டல் முடிந்த மறுநாளே அதே 100 ரூபாயை உண்டியலில் போடத் தொடங்கினார். மூன்று மாதம் கழிந்ததும் அடுத்த தண்டலை எடுக்காமல் சொந்தக் காசில் அரிசி மூட்டை இறக்கினார். மிச்சத்தில் ஒரு பங்கு ஆர்.டி.க்குப் போயிற்று.

ஒரே பெரிய கணக்கைவிட இரண்டு மூன்று சிறிய கணக்குகள் மேலானவை. மாதம் 1,000 கட்டக்கூடியவர் ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு வைத்துக்கொண்டால், இடரில் ஒன்றை உடைத்தாலும் மற்றது பிழைக்கும். முகவருக்கு எழுத்து வேலை இரட்டிப்பு, தரகு அதேதான். அதனால் பல முகவர்கள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். உடைப்பதன் விலையும் பலருக்குத் தெரியாது. மூன்றாண்டு முடிவதற்கு முன் கணக்கை முடிக்க முடியாது. அதற்குப் பிறகு முடித்தால், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னதாக இருந்தாலும், சாதாரணச் சேமிப்புக் கணக்கின் 4 விழுக்காடு வட்டிதான் கிடைக்கும். நான்கரை ஆண்டு கட்டிவிட்டுக் கடைசி ஆறு மாதத்தில் அவசரப்பட்டு முடிப்பவர், சேர்ந்த வட்டியில் ஏறத்தாழப் பாதியை விட்டுவிட்டு வருகிறார்.

அவசரத்துக்கு வேறு வழி உண்டு. பன்னிரண்டு தவணை கட்டி ஓராண்டு ஆன கணக்கில், இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம். வட்டி, கணக்கின் வட்டியைவிட 2 விழுக்காடு மட்டும் கூடுதல். 6.7 விழுக்காட்டுக் கணக்குக்கு 8.7, ஊர்ப் பேச்சில் முக்கால் வட்டிக்கும் சற்றுக் கீழே. ஒன்றரை வட்டி, இரண்டு வட்டிக்கு அடகுக்கடையில் கம்மலை வைப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் பாஸ் புத்தகத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்பதே தெரியாமல் கணக்கை உடைத்தவர்கள் அந்தச் சுற்றில் எத்தனையோ பேர்.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். 500 ரூபாய்க் கணக்கில் அது 5 ரூபாய். இதற்கு அஞ்சிக் கைமாற்று வாங்க வேண்டியதே இல்லை. அஞ்ச வேண்டியது நான்காவது தவறலுக்கு. நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுபோகும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்காவிட்டால் பிறகு அதில் பணம் கட்ட முடியாது. "இந்த மாசம் விட்ருங்கக்கா" என்று ஒருவர் சொன்னால் முதல் மாதம் விடலாம், இரண்டாம் மாதமும் விடலாம். மூன்றாம் மாதம் முகவர் உட்கார்ந்து பேச வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது: பன்னிரண்டு தவணையை முன்கூட்டியே கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்கு 40 ரூபாய் தள்ளுபடி. மாதம் 1,000 கட்டுபவர் தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் 12,000-க்குப் பதில் 11,600 கட்டி ஓராண்டை முடித்துவிடலாம். ஆலைத் தொழிலாளர் வீடுகளில் இது நன்றாக வேலை செய்தது. போனஸ் துணிக்கடைக்குப் போகும் வேகத்தைக் கொஞ்சம் தடுத்தது.

கட்டுபவர்கள் முகவரிடமிருந்து கற்றதைவிட, முகவர் அவர்களிடமிருந்து கற்று அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது அதிகம். மாசி, பங்குனியில் புளி புதிதாக வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை எடுத்து, உப்பிட்டுப் பானையில் அடைப்பது. மிளகாயும் மல்லியும் அப்போதே வாங்கி வெயிலில் காயவைத்து அரைப்பது. இவற்றை எல்லா வீட்டுப் பெரியவர்களும் அறிவார்கள். அறிவு போதாது, அந்த மாதத்தில் மொத்தமாக மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் கையில் வேண்டும். இல்லாதவர் ஆண்டு முழுக்கக் கால்கிலோ கால்கிலோவாக அதிக விலையில் வாங்குகிறார். சிக்கனத்துக்கே முதல் தேவைப்படுகிறது. ஒரு தையல்கடைக்காரம்மா இதற்குத் தனியாக ஒரு டப்பா வைத்திருந்தார்: ஒவ்வொரு ரவிக்கைக்கும் பத்து ரூபாய். பங்குனியில் திறப்பார். அதைக் கேட்டு நான்கு வீட்டில் டப்பா வந்தது.

படிக்கட்டு முறையும் அப்படி ஒருவர் சொல்லி வந்ததுதான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது. ஒவ்வொரு மே மாதமும் 500 ரூபாயில் ஒரு புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஐந்து கணக்கு, மாதம் 2,500 கட்ட வேண்டியிருக்கும். அங்கே எட்டும்வரை சற்றுக் கடினம். ஆறாவது மே மாதத்தில் முதல் கணக்கு முதிர்ந்து, 6.7 விழுக்காட்டில் 35,600 ரூபாய்க்கு மேல் கையில் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் ஒன்று முதிரும், ஒன்று பிறக்கும். ஜூனில் அடகுக்கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு 500 கூட்ட முடியாதவர்கள் இருநூறில் செய்தார்கள். அதிலும் நோட்டுப் புத்தகமும் சீருடையும் அடங்கின.

ஏலச்சீட்டோடு இதை ஒப்பிடாத தெரு இல்லை. சீட்டு வேறு வேலைக்கானது: இடையில் மொத்தப் பணம் தேவைப்படுகிறவருக்கு அது உதவும். பதிவு செய்த சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் சட்டம் காவல்; திண்ணைச் சீட்டுக்கு நடத்துபவரின் நாணயம் மட்டுமே காவல். எடுக்கத் தேவையே இல்லாமல், தள்ளுபடிக்காகக் கடைசிவரை காத்திருப்பவர் முழுப் பணத்தையும் அந்த நாணயத்தின் மேல் வைக்கிறார். அவர் ஆர்.டி.க்கு வருவதே நல்லது.

நாணயம் என்ற பேச்சு முகவருக்கும் பொருந்தும். பணத்தை வாங்கும் அதே நொடியில், தவணை பதியும் கார்டில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கார்டு கட்டுபவர் வீட்டில் இருக்க வேண்டும். பாஸ் புத்தகத்தை நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது அவரே அஞ்சலகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்து வாங்க வேண்டும். முன்பு தவணைகளைக் கையால் லிஸ்ட் எழுதி, வரிசையில் நின்று, புத்தகம் ஒவ்வொன்றிலும் முத்திரை வாங்கும் காலத்தில், வசதிக்காக எல்லாப் புத்தகங்களையும் முகவர்களே ஒரு பையில் வைத்திருப்பது பழக்கமாக இருந்தது. மதுரை முகவரும் அப்படியே வைத்திருந்தார். ஒரு மாதம் லிஸ்டில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. பணம் வாங்கியாயிற்று, கார்டில் கையெழுத்தும் ஆயிற்று, அஞ்சலகத்தில் மட்டும் கட்டப்படவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அபராதத்தைக் கைக்காசில் கட்டினார், தொகை சிறியது. ஆனால் அந்தப் பூக்கார அம்மா அடுத்த ஓராண்டுக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் "ஏறிருச்சாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது. அந்த மாதமே பையில் இருந்த புத்தகங்கள் எல்லாம் வீடு வீடாகத் திரும்பிப் போயின.

இன்று லிஸ்டைக் கணினியில் போடுகிறார்கள். தவணையைக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். அனுப்பும் பணம் முகவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது என்பதில் ஆபத்து இருக்கிறது: வீட்டுச் செலவுப் பணமும் தவணைப் பணமும் ஒன்றாகக் கிடக்கும். தவணைக்கென்று தனிக் கணக்கு வைக்காத முகவர் கணக்குத் தவறுவது எப்போது என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் போய்விட்டது. கைப்பேசியில் பணம் வந்துவிட்டால் வாசற்படிக்குப் போக வேண்டியதில்லை. போகாவிட்டால் அந்த வீட்டில் தண்டல் புகுந்தது தெரியாது, வேலை போனது தெரியாது. மதுரை முகவர் பணம் அனுப்பியவர்கள் வீட்டுக்கும் மாதம் ஒரு முறை கார்டில் கையெழுத்திடப் போனார்.

முதிர்வுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரமாட்டார்கள். சேமிப்புக் கணக்கு வேண்டும். இல்லாதவருக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். பாஸ் புத்தகத்திலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்திருக்கிறதா, நியமனதாரர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியமனம் இல்லாமல் கட்டியவர் இறந்துபோன வீட்டில், சிறு தொகைக்காக மனைவி சான்றிதழ்களுக்கு அலைவதை ஒரு முறை பார்த்தவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார். பணம் உடனே தேவையில்லை என்றால் கணக்கை இன்னும் ஐந்தாண்டு அதே வட்டியில் நீட்டிக்கலாம். வட்டி விகிதம் இறங்கியிருக்கும் காலத்தில் பழைய கணக்கை நீட்டிப்பது லாபம், ஏறியிருந்தால் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது லாபம். 2020-இல் 5.8-க்குத் தொடங்கியவர்கள் 2025-இல் முடித்துப் புதிதாகத் தொடங்கியது அந்தக் கணக்கில்தான்.

முகவர் வேலையை விடும்போதும் கணக்குகள் நிற்பதில்லை. கட்டுபவர் நேரே அஞ்சலகத்தில் கட்டலாம், வேறு முகவரிடமும் கட்டலாம். மதுரை முகவர் முகமையைப் புதுப்பிக்காமல் விட்ட ஆண்டில், கடைசி இரண்டு மாதம் தவணை வாங்குவதோடு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கார்டையும் பாஸ் புத்தகத்தையும் வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நோட்டை அடுத்து வந்த பெண்ணிடம் கொடுத்தபோது, 'காசு வரும் நாள்' கட்டத்தை மட்டும் புதிதாகத் திருத்தி எழுதிக் கொடுத்தார். பலருக்கு அந்த நாள் மாறியிருந்தது.